உண்டதும் அற்றதும்



முன் உண்ட உணவு முற்றும் செரித்ததை அறிந்து, அதன் பின்னரே மறுவேளை உண்ண வேண்டும் என்று திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் நமக்கு அறிவுறுத்துகிறது. அவ்வாறு உண்பவனுடைய உடம்புக்கு மருந்து என்று ஒன்று வேண்டியதில்லை என்றும் அது கூறுகிறது. பள்ளிப் பருவத்தில் இதைப் படித்த நாள்முதலாக என் உள்ளத்தில் ஒரு வினா இருந்து வந்தது. உண்டது அற்றுவிட்டது என்பதை எங்ஙனம் அறிவது? வயிற்றுக்குச் சாளரம் இல்லையே! பசித்தால் அற்றது, பசிக்காவிட்டால் அறவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் நான்கு கவளம் உண்பதற்குள் வயிறு முட்டி நின்றுவிடுகிறது என்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நண்பகலில் உண்டது இரவு வரையில் கல்லாய்க் கிடக்கிறது என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தால் புண் இல்லை, கட்டி இல்லை, எல்லாம் செம்மையாகவே காணப்படுகின்றன. வீட்டார் இதைப் பாசாங்கு என்று எண்ணுகிறார்கள். மருத்துவர்களிலும் சிலர், ‘உமக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் மனப்பிரமை’ என்று அனுப்பிவிடுகிறார்கள். இவர்கள் சொல்வது உண்மைதானா என்று ஆராயப் புகுந்தவர்களின் வரலாற்றையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

உடலின் உறுப்புகளைப் பற்றிய அறிவு பெரும்பாலும் இறந்தோரின் உடலை அறுத்துப் பார்த்ததால் வந்தது. இதயத்தின் அறைகளையும் நுரையீரலின் கிளைகளையும் அவ்வாறு காணலாம். இரைப்பையை அப்படிப் பார்த்தால் தெரிவது ஒரு வெறும் பை. உயிர் போனபின் அதன் இயக்கமும் ஓய்ந்துவிடுகிறது. ஆகவே இரைப்பை உணவை வேகவைக்கிறதா, அரைக்கிறதா, புளிக்க வைக்கிறதா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு ஸ்பல்லன்சானி, உணவைச் சிறு துணிப்பைகளில் இட்டுத் தாமே விழுங்கிப் பார்த்தார். செரிமானத்தில் ஒரு நீர் வேலை செய்கிறது என்பது அதனால் உறுதிப்பட்டது. எனினும் இயங்கும் இரைப்பையை அவராலும் காண முடியவில்லை.

அதைக் காணும் வாய்ப்பு ஒரு விபத்தால் வந்தது. வட அமெரிக்காவில் ஹியூரான், மிச்சிகன் என்னும் இரு பேரேரிகள் கூடும் இடத்தில் மேக்கினாக் என்றொரு தீவு உண்டு. மென்மயிர்த் தோல் வாணிகத்துக்கு அது அக்காலத்தில் பெரிய சந்தை. 1822 ஜூன் 6ஆம் நாள் அங்கிருந்த வாணிகக் கம்பெனியின் கடையில் ஒருவருடைய துப்பாக்கி தவறுதலாக வெடித்து, அருகில் நின்ற அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞரின் இடப்பக்க விலாவின் கீழே பாய்ந்தது. இவர் கனடாவைச் சேர்ந்த பிரெஞ்சு மொழி பேசும் படகோட்டித் தொழிலாளி. கோட்டையில் இருந்த படை மருத்துவர் வில்லியம் போமான்ட் ஓடிவந்து பார்த்தபோது, இளைஞர் பிழைப்பார் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் பிழைத்தார். காயம் ஆறியது, இரைப்பையில் ஏற்பட்ட துளை மட்டும் மூடவில்லை. துளையின் விளிம்பு வெளித்தோலோடு ஒட்டிக்கொண்டது. நாளடைவில் உட்புறத்து மடிப்பு ஒன்று வளர்ந்து கதவு போல அதை மறைத்தது. விரலால் அக்கதவைத் தள்ளினால் இரைப்பையின் உட்புறம் கண்ணுக்குத் தெரிந்தது!

போமான்ட் 1825ஆம் ஆண்டில் பரிசோதனைகளைத் தொடங்கினார். இறைச்சித் துண்டையும் ரொட்டியையும் கோசுக்கீரையையும் பட்டு நூலில் கட்டித் துளை வழியே இறக்குவார். ஒரு மணி, இரண்டு மணி கழித்து இழுத்துப் பார்ப்பார். எது கரைந்தது, எது எஞ்சியது என்று குறிப்பெடுப்பார். வெப்பமானியை விட்டு உள்வெப்பத்தை அளப்பார். சினமோ மனக்கலக்கமோ வந்தால் இரைப்பையின் உட்பரப்பு மாறுதல் அடைவதையும் கண்டார். 1833இல் வெளிவந்த அவருடைய நூலில் 238 பரிசோதனைகள் உள்ளன. அவற்றில் நம் பொருளுக்கு உரியது ஒன்றுண்டு. வெப்பமானியின் குமிழை இரைப்பையின் கீழ்ப்பகுதிக்குக் கொண்டு சென்றபோது, அப்பகுதி குமிழை இறுகப் பற்றி, மூன்று நான்கு அங்குலம் உள்ளே இழுத்துக்கொண்டது, பிறகு விட்டது, மீண்டும் பற்றியது. வெறும் பை என்று எண்ணப்பட்டது, கை போலப் பிடிக்கவும் இழுக்கவும் செய்தது.

பாடநூல்கள் போமான்டைப் போற்றுகின்றன, அது தக்கதே. ஆனால் செயின்ட் மார்ட்டினை ‘வயிற்றில் துளையுடைய மனிதர்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அப்பால் செல்கின்றன. அது எனக்கு உடன்பாடன்று. அவர் போமான்டின் வீட்டில் வேலைக்காரராகவும் இருந்தார். 1832ஆம் ஆண்டில் இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, ஓராண்டுக்கு 150 டாலரும் உணவும் உடையும் உறையுளும் பெற்றுக்கொண்டு, தம் வயிற்றைப் பரிசோதனைக்கு அவர் ஒப்படைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் அந்தத் தாளில் ஒரு கீறலைத்தான் இட்டார். இரைப்பைநீரை எடுக்கும்போதெல்லாம் அவருக்கு மயக்கமும் வலியும் வந்தன. இறுதியில் அவர் கனடாவுக்குத் திரும்பிச் சென்றார். போமான்ட் பல ஆண்டுகள் எழுதி அழைத்தும் மீண்டும் வரவில்லை. 1880இல் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் அந்த இரைப்பையைப் பெற விரும்பினர். குடும்பத்தாரோ உடல் சிதையும் வரை வைத்திருந்து, யாரும் தோண்டி எடுக்க இயலாதபடி ஆழமான குழியில் புதைத்தார்கள். அவர்களுடைய சினம் எத்தகையது என்பதை அச்செயலே சொல்கிறது.

துளையின்றியே வயிற்றுக்குள் பார்க்கும் வழி 1895ஆம் ஆண்டின் இறுதியில் கிடைத்தது. ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். ஓராண்டு கழிவதற்குள், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவராக இருந்த வால்டர் கானனிடம் அவருடைய ஆசிரியர் பௌடிச், இக்கதிர்களைக் கொண்டு உணவு செல்லும் வழியைப் பார்க்கலாமே என்றார். மாணவர்களாகிய நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும், முதலாண்டு மாணவர்! தசையும் குடலும் எக்ஸ் கதிரில் தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே கதிரை மறைக்கும் பிஸ்மத் உப்பை உணவில் கலந்து, முதலில் நீண்ட கழுத்துடைய வாத்துக்கும், பின்னர்ப் பூனைகளுக்கும் கொடுத்தார். இருட்டறையில் ஒளிரும் திரையின்மேல் மெல்லிய காகிதத்தை வைத்து, இரைப்பையின் நிழல் உருவத்தைப் பென்சிலால் வரைந்து வரைந்து எடுத்தார். உணவு உள்ளே சென்ற சிறிது நேரத்தில், இரைப்பையின் நடுவில் ஓர் இடுக்கம் தோன்றிக் கீழ்வாயிலை நோக்கி நகர்ந்தது. அதன் பின்னே மற்றொன்று, அதன் பின்னே இன்னொன்று. கரையை நோக்கி அலைகள் வருவது போல வந்துகொண்டே இருந்தன. மனிதருடைய இரைப்பையில் இந்த அலை நிமிடத்துக்கு மூன்றாக எழுகிறது.

கானனைத் திகைக்க வைத்தது வேறொரு காட்சி. சில பூனைகளில், உணவு நிறைய இருந்தும், அலைகள் எழவே இல்லை. எவை அவை என்று பார்த்தார். கட்டப்பட்டிருப்பதைப் பொறாமல் சீறித் திமிறியவை அவை. அமைதியாகப் படுத்திருந்த பூனைகளில் அலைகள் ஒழுங்காக ஓடின. ஓடிக்கொண்டிருக்கும்போதே பூனை சினந்தால் அலை நின்றது. தடவிக்கொடுத்து அமைதிப்படுத்தியதும் மீண்டும் தொடங்கியது. 1898இல் அவர் இதை வெளியிட்டார். தேர்வு நாளன்று காலையில் உண்ட இட்லி பகல்வரை நெஞ்சிலேயே நிற்பது போல உங்களில் பலருக்குத் தோன்றியிருக்கும். அது தோற்றம் மட்டும் அன்று என்பதற்கு அந்தப் பூனைகள் சான்று. கானனும் தம் பங்குக்கு விலை கொடுத்தார். அக்காலத்தில் எக்ஸ் கதிரின் தீமையை ஒருவரும் முழுமையாக அறியார்; ஆண்டுக்கணக்கில் அக்கதிர்கள் பட்டு அவருடைய தோல் கெட்டது. 1945இல் அவரைக் கொண்டுபோன நோய்க்கும் அதுவே காரணம் என்று கருதுகிறார்கள்.

பசி வேளையில் வயிற்றைக் கிள்ளுகிறது என்கிறோமே, அதையும் அவர் விடவில்லை. அவருடைய மாணவர் வாஷ்பர்ன் ஒரு ரப்பர்ப் பலூனை விழுங்கப் பழகிக்கொண்டார். பலூனை ஊதி, அதை ஒரு பதிவுக் கருவியுடன் இணைத்து, பசி கிள்ளும்போதெல்லாம் ஒரு விசையை அழுத்தினார். இரைப்பை சுருங்கிய நேரமும் விசை அழுந்திய நேரமும் பொருந்தின. 1912இல் இது வெளிவந்தது. இதிலிருந்து பசி என்பதே இரைப்பையின் சுருக்கம்தான் என்று கானன் முடிவு கட்டினார். அந்த முடிவு நிற்கவில்லை. நோயின் காரணமாக இரைப்பை முழுவதையும் அகற்றியவர்களுக்கும் பசிக்கிறது என்பது பின்னர்த் தெரிந்தது. 1999இல் ஜப்பானிய அறிஞர்கள் இரைப்பையில் ஊறும் கிரெலின் என்னும் பொருளைக் கண்டுபிடித்தார்கள். பசியைத் தூண்டும் செய்தி இரத்தத்தின் வழியாகவும் மூளைக்குச் செல்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று.

இந்த இயக்கத்தை நடத்துவது யார்? மூளை என்று விடை சொல்லத் தோன்றும். ஆனால் உடலிலிருந்து எடுத்துத் தனியே வைத்த குடலும் சிறிது நேரம் அசைகிறது. குடற்சுவரின் இரு தசை அடுக்குகளுக்கு இடையே நரம்பணுக்களின் வலை ஒன்று இருப்பதை அவர்பாக் என்பவர் 1862இல் கண்டிருந்தார். 1899இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், நாயின் குடலில் ஓரிடத்தைத் தூண்டினால் அதற்கு மேற்புறம் சுருங்குகிறது, கீழ்ப்புறம் தளர்கிறது என்று கண்டார்கள். பின்னால் தள்ளவும் முன்னால் வழிவிடவும் குடலே அறிந்திருக்கிறது. கோடிக்கணக்கான நரம்பணுக்களைக் கொண்ட அந்த வலை, மூளையின் ஆணைக்குக் காத்திராமல் அன்றாடக் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்கிறது. அலையின் தாளத்தைக் கொடுப்பவை வேறு அணுக்கள். ஸ்பெயின் நாட்டுக் கஹால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அவற்றை வரைந்து வைத்தார். அவையே தாளக்காரர்கள் என்பது எலிகளில் செய்த ஆராய்ச்சியால் 1990களில்தான் உறுதிப்பட்டது.

இனி, உண்ணும்போது நடப்பதைப் பார்ப்போம். இரைப்பையின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் இருவேறு தொழில் புரிபவை. மேற்பகுதி குதிரைப் போன்றது. வெறும் வயிற்றில் சிறுத்துக் கிடக்கும் அது, நாம் விழுங்கத் தொடங்கியதும் தானாகவே தளர்ந்து விரிந்து இடங்கொடுக்கிறது. ஆகவே ஒரு லிட்டர் அளவு உணவு சென்றாலும் உள்ளே அழுத்தம் அதிகமாக உயர்வதில்லை. இதைக் கானனும் லீப் என்பவரும் 1911இல் கண்டார்கள். வேகஸ் நரம்பை அறுத்தால் இந்தத் தளர்ச்சி இல்லாமற் போகிறது என்றும் காட்டினார்கள். கீழ்ப்பகுதியோ நம் வீட்டு ஆட்டுக்கல். அலை உணவைக் கீழ்வாயிலை நோக்கித் தள்ளுகிறது, வாயில் இறுக மூடிக்கொள்கிறது, உணவு மோதித் திரும்புகிறது, மறுபடியும் தள்ளப்படுகிறது. ஓரிரு மில்லிமீட்டருக்கும் நுண்ணிதாக அரைபட்டது மட்டுமே வாயிலைக் கடந்து சிறுகுடலுக்குச் செல்கிறது.

சிறுகுடல் வாளா இருப்பதில்லை. கொழுப்பு மிகுந்த உணவு வந்தால், ‘மெல்ல அனுப்பு’ என்று இரைப்பைக்குச் செய்தி விடுகிறது. கோலிசிஸ்டோகைனின் என்ற பொருள் இச்செய்தியைக் கொண்டுசெல்பவற்றுள் ஒன்று. அதை எலிகளுக்குச் செலுத்தினால் அவை குறைவாகவே உண்கின்றன என்பது 1973இல் தெரிந்தது. விருந்தில் நெய்யும் எண்ணெய்ப் பண்டமும் உண்டபின் நெடுநேரம் வயிறு கனத்துக் கிடப்பதற்கு இதுவே காரணம்.

உண்டது அற்றபின்? அப்பொழுதும் இரைப்பை ஓய்வதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வலிய அலைகளின் தொடர் ஒன்று இரைப்பையில் எழுந்து சிறுகுடலின் கடைசி வரை செல்கிறது. எஞ்சிய நாரையும் உமியையும் வாரிக்கொண்டு போகிறது. 1969இல் ஷுர்ஷெவ்ஸ்கி இதை நாய்களில் கண்டறிந்தார். வீடு பெருக்குபவள் என்று இதற்கு ஆராய்ச்சியாளர்களே பெயரிட்டார்கள். பசித்த வயிறு கடகடவென ஒலிப்பது பெரும்பாலும் இதன் ஓசை. மறுபடி உண்டவுடன் பெருக்குதல் நின்று, அரைத்தல் தொடங்குகிறது. நாள்முழுதும் ஏதேனும் ஒன்றைக் கொறித்துக்கொண்டே இருந்தால் பெருக்குவதற்கு வேளை எங்கே? திருக்குறள் காட்டும் அளவுக்கு இந்த அலைத்தொடர் ஓரளவு விடை தருகிறது என்று நான் எண்ணுவதுண்டு.

நான்கு கவளத்தில் வயிறு முட்டுகிறவர்களிடம் இப்போது வருவோம். பெல்ஜியத்தில் லூவன் நகரில் டாக் என்பவரும் அவருடைய துணைவர்களும் இத்தகையோரை ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார்கள். மெல்லிய பை ஒன்றை இரைப்பையின் மேற்பகுதியில் விட்டு, அழுத்தத்தை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு, உணவு உண்டதும் அந்தப் பை எவ்வளவு விரிகிறது என்று அளந்தார்கள். நலமுடையவர்களுக்கு நன்கு விரிந்தது. நோயாளிகளில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு அது விரிய வேண்டிய அளவு விரியவில்லை. சிறிது உண்டதுமே நிறைந்துவிடுகிறது என்று முறையிட்டவர்கள் இவர்களுள்ளேதான் மிகுதி. குதிரின் வாய் திறந்திருக்கிறது. ஆனால் குதிர் இடங்கொடுக்க மறுக்கிறது. இதை எந்தக் குழாய் விட்டுப் பார்த்தாலும் காண முடியாது, ஏனெனில் அங்கே புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை, கெட்டிருப்பது நடை.

எஞ்சியவர்கள் எல்லாரும் பாசாங்குக்காரர்களோ என்றால், அதுவும் இல்லை. சிலருக்கு இரைப்பை முறையாக விரிகிறது, முறையாகக் காலியாகிறது. ஆனால் பிறர் உணராத சிறு விரிவையும் அவர்களுடைய நரம்புகள் வலியாக மூளைக்கு அறிவிக்கின்றன. சிலருக்கு இத்தொல்லை வயிற்றுப்போக்கு நோய் ஒன்று வந்து போனபின் தொடங்குகிறது. மனத்துயரமும் இதில் கலக்கலாம். கானனின் பூனைகளை மறக்கலாகாது. 2016இல் பன்னாட்டு வல்லுநர்கள் இத்தகைய நோய்களுக்குக் குடலும் மூளையும் தமக்குள் பேசிக்கொள்வதில் ஏற்படும் கோளாறுகள் என்று பொதுவான பெயர் கொடுத்தார்கள். ‘மனப்பிரமை’ என்ற பழைய பெயரைவிட இது நூறு மடங்கு மேல்.

இரைப்பை காலியாகவே தாமதிக்கும் நோய் வேறு. நீண்டகால நீரிழிவு வேகஸ் நரம்பையும் தாளக்கார அணுக்களையும் கெடுப்பதால் இது வரலாம். 1958இல் காசாண்டர் என்ற மருத்துவர் இதற்குப் பெயரிட்டு விவரித்தார். நீரிழிவு மிகுந்த நம் நாட்டில் இதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது நல்லது. இன்சுலின் ஊசி தன் வேளையில் வேலை செய்யும். உணவோ இரைப்பையிலேயே நின்றுவிடும். சர்க்கரை திடீரெனத் தாழும். காரணம் தெரியாமல் ஊசியின் அளவையே குறை கூறிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். இயக்கத்தை விரைவுபடுத்தும் மருந்துகள் உண்டு. ஆனால் அவற்றைத் தாமாக வாங்கி உண்பது தீது. சிசாபிரைடு என்ற மருந்து ஒரு காலத்தில் பெரிதும் வழங்கிற்று. அது இதயத்தின் துடிப்பைக் கெடுத்துச் சிலருடைய உயிரையே போக்கியதால் 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பொது விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. சிறிது சிறிதாகப் பலமுறை உண்பதும், கொழுப்பையும் கடின நாரையும் குறைப்பதும், நன்கு மென்றும் மசித்தும் உண்பதும் பலருக்குப் பயன் தருகின்றன. பெருக்குபவளுக்கு வேளை வேண்டும் என்று முன்னே சொன்னேன். நோயாளிக்கு வேறு கணக்கு. இன்னொன்று: உடல் மெலிந்துகொண்டே போனாலும், விழுங்குவது கடினமானாலும், வாந்தியிலோ மலத்திலோ இரத்தம் கண்டாலும், அது இந்த வகை என்று தாமே முடிவு கட்டாமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

உண்டது அற்றதோ என்பதை இப்பொழுது நேரே அளக்கலாம். 1966இல் பிரிட்டனில் கிரிஃபித் முதலானோர், கதிரியக்கமுள்ள குரோமியத்தை மிகச் சிறிய அளவில் உணவில் கலந்து, வெளியிலிருந்தே கருவியால் அதைப் பின்தொடர்ந்தார்கள். இன்று டெக்னீசியம் கலந்த முட்டை வெள்ளையும் இரண்டு துண்டு ரொட்டியும் சிறிது ஜாமும் நீரும் கொடுத்து, உண்டவுடனும், ஒன்று, இரண்டு, நான்கு மணி கழித்தும் படம் எடுக்கிறார்கள். நலமுடைய இரைப்பையில் நான்காம் மணியில் எஞ்சுவது நூற்றில் பத்துப் பங்குக்கு மேல் இராது. இந்த அளவு அந்த உணவுக்கே உரியது. நம் சோற்றுக்கும் சாம்பாருக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. பரிசோதனையில் வலி ஏதும் இல்லை. காத்திருக்கும் பொறுமை ஒன்றே வேண்டும். ‘ஒன்றும் இல்லை’ என்று ஆண்டுக்கணக்காகக் கேட்டுவந்த ஒருவருக்கு நான்காம் மணிப் படத்தில் முப்பது பங்கு இன்னும் உள்ளே நிற்கிறது என்று தெரியவரலாம். அந்த எண்ணை மருத்துவர் சொல்லும்போது வீட்டாரும் உடனிருந்து கேட்க வேண்டும் என்பது என் விருப்பம்.